நியூ ஆர்லியன்ஸ் கொண்டாடிய மல்லர்: ஜங்க்யார்ட் டாக்கும் அமெரிக்க மல்யுத்த வட்டாரங்களும்

ஜங்க்யார்ட் டாக் என்ற பெயரைச் சொன்னதும் அமெரிக்க மல்யுத்த ரசிகர்கள் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது 1980களின் நடுப்பகுதியில் வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மேடையில் ஆடியவர்தான். கழுத்தில் நாய்ப்பட்டை, கையில் சங்கிலி, போட்டி முடிந்ததும் குழந்தைகளை ரிங்குக்குள் ஏற்றி அவர்களோடு ஒரு நடனம். அந்த நிறுவனத்தின் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் முதல் மூன்று பதிப்புகளிலும் அவர் இருந்தார். பட்டம் எதுவும் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் காலத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் அவர் கூட்டத்தைச் சிரிக்கவைத்த இரண்டாம் வரிசை ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

அந்த எடை தவறானது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில், 1980 முதல் 1984 வரை, லூசியானா, மிசிசிப்பி, ஓக்லஹோமா மாநிலங்களில் அவரைவிடப் பெரிய மல்யுத்த வீரர் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவருடைய புகழ் கால்பந்து வீரர்களின் புகழோடு போட்டி போட்டது. அமெரிக்கத் தெற்கின் ஆழ்ந்த பகுதியில், இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் நீங்கி ஒரு தலைமுறைகூட முழுதாகக் கடக்காத காலத்தில், ஒரு கறுப்பின வீரர் ஒரு மல்யுத்த நிறுவனத்தின் மறுப்பில்லாத முதல் நாயகனாக ஆண்டுக்கணக்கில் நின்றார். அதை நிகழ்த்தியது யார், அல்லது எது? நிறுவனத்தை நடத்திய பில் வாட்ஸா, வீரரின் சொந்த ஈர்ப்பா, நகரமா, இல்லை வட்டார முறை என்ற அமைப்புதானா? இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வட்டாரங்களைப் பற்றி. 1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் சில புரமோட்டர்கள் கூடி என்.டபிள்யூ.ஏ. என்ற தேசிய மல்யுத்தக் கூட்டணியை அமைத்தார்கள். நாட்டை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் காட்சி நடத்துவதில்லை என்பது ஏற்பாடு. உலகச் சாம்பியன் ஒருவர். அவர் எல்லா வட்டாரங்களுக்கும் சுற்றி வருவார். போட்டியைத் தடுக்கும் கூட்டு என்று அமெரிக்க நீதித்துறை இதன் மேல் பாய்ந்து, 1956இல் ஓர் உடன்பாட்டில் கையெழுத்து வாங்கியது. ஆனாலும் நடைமுறையில் எல்லைக்கோடுகள் அழியவில்லை. செயின்ட் லூயிஸில் சாம் மச்னிக், ஃப்ளோரிடாவில் எடி கிரஹாம், டாலஸில் ஃபிரிட்ஸ் வான் எரிக், போர்ட்லண்டில் டான் ஓவன், கனடாவின் கால்கரியில் ஸ்டூ ஹார்ட் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முதலாளி. மினியாபோலிஸில் வெர்ன் காக்னேயின் ஏ.டபிள்யூ.ஏ.வும் நியூயார்க் பக்கம் மக்மேன் குடும்பத்தின் நிறுவனமும் 1960களில் கூட்டணியிலிருந்து விலகித் தனியாக நின்றன.

நம் பழைய நாடகக் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை எளிதில் விளங்கும். வாரம் முழுக்க ஊர் ஊராகக் காட்சி. அடுத்த வாரம் அதே ஊர்களுக்கு மறுபடியும். உள்ளூர்த் தொலைக்காட்சியில் வாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சியில் பகையை மூட்டுவார்கள். தீர்வைப் பார்க்க அரங்குக்கு டிக்கெட் வாங்கி வர வேண்டும். யார் வெல்வது, எந்தக் கதை எத்தனை வாரம் ஓடுவது என்பதை முடிவு செய்பவர் புக்கர். வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வசூலில் பங்குதான். ஒரு வட்டாரத்தில் சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள். மக்களுக்கு முகம் பழகிச் சலித்ததும், பட்டம் ஏதும் இருந்தால் அதை உள்ளூர் வீரரிடம் தோற்றுக் கொடுத்துவிட்டு அடுத்த வட்டாரத்துக்கு மூட்டை கட்டுவார். அங்கே புதுப் பெயர், சில சமயம் புதுக் குணம். ஓரிடத்தில் நல்லவனாக இருந்தவன் அடுத்த இடத்தில் வில்லன். செய்தி மெதுவாகப் பயணம் செய்த காலம் என்பதால் இது சாத்தியமாயிற்று.

ஜங்க்யார்ட் டாக்கின் இயற்பெயர் சில்வெஸ்டர் ரிட்டர். அவரும் இந்தப் பாதையில்தான் வந்தார். 1952 டிசம்பரில் வட கரோலினாவின் வேட்ஸ்பரோ என்ற சிற்றூரில் பிறந்தவர். ஃபேயட்வில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடினார், அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கினார். முழங்கால் காயங்கள் தொழில்முறைக் கால்பந்துக் கனவை முடித்துவைத்தன. 1970களின் பிற்பகுதியில் டென்னசியில் லெராய் ராசெஸ்டர் என்ற பெயரில் ரிங் ஏறினார். அங்கே அவர் பலரில் ஒருவர். அடுத்து கால்கரி. அங்கே பிக் டாடி ரிட்டர் என்ற பெயரில் வில்லனாக நின்று வட்டாரத்தின் முதன்மைப் பட்டத்தையும் வென்றார். இந்த இரண்டு இடங்களையும் வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் கூட்டத்தின் முன் நிற்பது எப்படி, ஒரு பார்வையால் அரங்கைக் கொதிக்கவைப்பது எப்படி என்பதை அவர் கற்றது அங்கேதான். வில்லனாக இருந்தவனுக்குத்தான் கூட்டத்தின் கோபம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த அறிவு பின்னால் நாயகனாக நின்றபோது அவருக்கு உதவியது என்று நான் நம்புகிறேன்.

பில் வாட்ஸ் ஓக்லஹோமாக்காரர். முன்னாள் கால்பந்து வீரர், பெயர்பெற்ற மல்லர். 1979இல் அப்பகுதி வட்டாரத்தின் முதலாளி லெராய் மக்கர்க்கிடமிருந்து அதன் பெரும்பகுதியைப் பிரித்து வாங்கி மிட்-சௌத் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் சிறுவர் மன்றக் கூடம் ஒன்றில் தொலைக்காட்சி நிகழ்ச்சி பதிவாகும். சில நூறு பேர் அமரக்கூடிய இடம். அங்கிருந்து அந்த ஒளிநாடா மாநிலங்கள் முழுதும் உள்ள நிலையங்களுக்குப் போகும். வாட்ஸின் கட்டுப்பாடு கடுமையானது. நாயகனும் வில்லனும் ஒரே காரில் பயணம் செய்யக் கூடாது, ஒரே உணவகத்தில் உட்காரக் கூடாது, தாமதமாக வந்தால் அபராதம். எல்லாம் நிஜம் என்று மக்கள் நம்புவதைக் கட்டிக்காப்பது அவருக்கு வியாபாரம் மட்டுமல்ல, கிட்டத்தட்ட விரதம்.

ரிட்டர் அங்கே வந்ததும் வாட்ஸ் வைத்த பெயர் ஜங்க்யார்ட் டாக். ஜிம் க்ரோச்சியின் புகழ்பெற்ற பாடல் ஒன்றில் பழைய சாமான் கிடங்கின் காவல் நாயைப் பற்றி ஓர் உவமை வரும். பெயர் அங்கிருந்து வந்தது. ஆரம்ப நாட்களில் பழைய சாமான் தள்ளுவண்டியோடு ரிங்குக்கு வந்தார். வண்டி சீக்கிரம் மறைந்தது; நாய்ப்பட்டையும் சங்கிலியும் நிலைத்தன. குவீன் இசைக்குழுவின் பாடல் ஒலிக்க அவர் நுழைந்ததும் கூட்டம் எழுந்துவிடும். மல்யுத்த வீரர்கள் பாட்டோடு நுழைவது அப்போது அரிது.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு கடுமையான விமர்சனம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அடிமை முறை நிலவிய மண்ணில், ஒரு கறுப்பின மனிதனின் கழுத்தில் பட்டையும் சங்கிலியும் மாட்டி, நாய் என்று பெயர் வைத்து, வெள்ளைக்கார முதலாளி காசு பார்த்தார் என்பதே அது. உருவகத்தை மட்டும் பார்த்தால் இதற்கு மறுமொழி இல்லை. ஆனால் ரிங்குக்குள் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சங்கிலியின் மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை. அது அவர் கையில் இருந்தது, எதிரிகள் மேல் விழுந்தது. அவர் யாரிடமும் கெஞ்சவில்லை, கோமாளியாக ஆடவில்லை, அடிபட்டால் திருப்பி அடித்தார். அரங்கில் இருந்த கறுப்பின மக்கள் அந்தச் சின்னத்தைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். விமர்சனமும் உண்மை, இந்தத் திருப்பமும் உண்மை.

1980 கோடையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மைக்கேல் ஹேய்ஸ், டெரி கார்டி, பட்டி ராபர்ட்ஸ் மூவரும் ஃப்ரீபேர்ட்ஸ் என்ற அணியாக வட்டாரத்துக்கு வந்திருந்தார்கள். நீண்ட பொன்னிற முடி, திமிர்ப் பேச்சு. கதைப்படி அவர்கள் முடியை உதிர்க்கும் களிம்பை ஜங்க்யார்ட் டாக்கின் கண்களில் பூசிவிடுகிறார்கள். அவருடைய பார்வை போகிறது. அப்போதுதான் அவர் வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த மகளின் முகத்தைத் தகப்பனால் பார்க்க முடியவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வெறும் அடிதடிக்கு வராத கோபம் இதற்கு வந்தது. வட்டாரம் முழுக்கத் தாய்மார்கள் ஹேய்ஸைச் சபித்தார்கள்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் தீர்வு. 1975இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான கால்பந்து அரங்கம் அது. பார்வை இல்லாத வீரர், எதிரியின் கழுத்தையும் தன் கழுத்தையும் ஒரே சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, இரும்புக் கூண்டுக்குள் சண்டையிட வேண்டும். எதிரி எங்கே இருக்கிறான் என்பதைச் சங்கிலி சொல்லும். இழுத்தால் கைக்கு வருவான். கதைக்கும் சண்டைக்கும் இப்படி ஒரு முடிச்சு விழுவது அபூர்வம். ஏறத்தாழ 30,000 பேர் வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. புரமோட்டர்கள் கூட்டத்தை ஊதிப் பெரிதாக்குவது வழக்கம்தான் என்றாலும், கணிசமாகக் குறைத்துக்கொண்டாலும் ஒரு வட்டார நிகழ்ச்சிக்கு அது வியக்கத்தக்க கூட்டம். கூட்டத்தில் ஒருவர் துப்பாக்கியை எடுத்து, நான் உனக்குக் காவல் இருக்கிறேன் என்று நாயகனிடம் சொன்ன சம்பவத்தை ஹேய்ஸ் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அளவுக்கு நம்பினார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வாட்ஸ் தரப்பின் விளக்கம் நேரடியானது. நியூயார்க்கில் இத்தாலியர்களுக்கு புரூனோ சம்மார்ட்டினோ இருந்தார், போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு பெட்ரோ மொராலஸ் இருந்தார். தெற்கில் அரங்கை நிறைப்பவர்கள் கறுப்பின மக்கள். மற்ற விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்களும் அவர்களே. அப்படியிருக்க மல்யுத்தத்தில் மட்டும் நாயகன் ஏன் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும்? கணக்கு சரிதான். மேலும் ரிட்டருக்கு மல்யுத்த நுணுக்கம் அதிகம் கிடையாது. நீண்ட போட்டிகளில் மூச்சு வாங்கும். வாட்ஸ் அதை அறிந்து போட்டிகளைச் சுருக்கமாக வைத்தார்; நாலு தலைமுட்டு, தம்ப் என்ற பெயரில் ஒரு தூக்கியடி, முடிந்தது. குறையை மறைத்து நிறையைக் காட்டுவது புக்கரின் திறமை. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த விளக்கத்தில் எர்னி லாட் காணாமல் போகிறார். லூசியானாவின் ரேவில்லில் பிறந்து, சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்குக் கால்பந்து ஆடிப் புகழ்பெற்று, பிறகு மல்யுத்தத்துக்கு வந்தவர். மிட்-சௌத்தின் புக்கராக வாட்ஸ் அமர்த்திய கறுப்பினத்தவர். அந்தப் பொறுப்பில் அந்த நாளில் கறுப்பினத்தவர் இருப்பது அரிது. 1965 ஜனவரியில் ஏ.எஃப்.எல். கால்பந்து நட்சத்திர ஆட்டத்துக்காக நியூ ஆர்லியன்ஸ் வந்த கறுப்பின வீரர்களை டாக்சிகள் ஏற்ற மறுத்தன, கேளிக்கை விடுதிகள் உள்ளே விட மறுத்தன. வீரர்கள் ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டது. அவமதிக்கப்பட்ட அந்த வீரர்களில் லாடும் ஒருவர். பதினைந்து ஆண்டு கழித்து அதே நகரின் மல்யுத்த வட்டாரத்தில் ஒரு கறுப்பின நாயகனை எழுப்பியவர்களில் அவரும் இருந்தார். எது கறுப்பின மக்களின் நெஞ்சைத் தொடும், எது இழிவாகத் தோன்றும் என்பதை லாடிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நகரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் எதிரெதிரே விளையாடக் கூடாது என்று லூசியானா 1956இல் சட்டமே போட்டது. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஜோ டார்சி என்ற குத்துச்சண்டை வீரர் வழக்குத் தொடுத்தார். 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1977இல் நகரம் முதல் கறுப்பின மேயராக எர்னஸ்ட் மோரியலைத் தேர்ந்தெடுத்தது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கறுப்பின மக்கள் நகரில் பெரும்பான்மை. மிட்-சௌத்தின் வழக்கமான காட்சிகள் நடந்த முனிசிபல் ஆடிட்டோரியம், அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடிப் பாடிய காங்கோ சதுக்கத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன்போ, வேறு ஊரிலோ, இதே வீரரும் இதே புக்கரும் இதைச் சாதித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

1982 ஜூனில் மிட்-சௌத் கதையில் அடுத்த பெரும் திருப்பம். தொலைக்காட்சியில் நெருங்கிய நண்பராகக் காட்டப்பட்ட டெட் டிபியாசி, கனம் பொதிந்த கையுறையால் ஜங்க்யார்ட் டாக்கை வீழ்த்தி வட்டாரத்தின் வட அமெரிக்கப் பட்டத்தைப் பறித்தார். நண்பனின் துரோகம் மக்களுக்கு எளிதில் ஆறவில்லை. அந்த ஆண்டு இறுதியில் தோற்றவர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்ற போட்டியில் டாக் தோற்றார். சில நாட்களில் ஸ்டாகர் லீ என்ற முகமூடி வீரர் வந்து சேர்ந்தார். பெயர் கறுப்பின நாட்டார் பாடல்களில் வாழும் ஓர் அடங்காத வீரனுடையது. அதே உடல், அதே நடை, அதே தலைமுட்டு. அரங்கில் இருந்த சிறுவனுக்கும் அது யார் என்று தெரியும். அநியாயமாகத் துரத்தப்பட்டவன் அதிகாரிகளின் கண்ணெதிரே திரும்பி வந்துவிட்டான். அவனை மக்கள் காட்டிக்கொடுக்கவில்லை. மிட்-சௌத் சொன்ன கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். களிம்புக் கதையைவிட இதில் மக்களுக்கு அதிகப் பங்கு இருந்தது.

இந்தப் புகழுக்கு உடல் கொடுத்த விலையும் பெரிது. மிட்-சௌத் சாலைகள் நீளமானவை. ஷ்ரீவ்போர்ட், நியூ ஆர்லியன்ஸ், பேட்டன் ரூஜ், ஜாக்சன், டல்சா என்று நூற்றுக்கணக்கான மைல்கள் காரில் போய், ஆடிவிட்டு, இரவோடு இரவாகத் திரும்ப வேண்டும். போதைப் பழக்கம் அவரைப் பிடித்தது என்று உடன் பணியாற்றிய பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். உடல் பருத்தது, வேகம் குறைந்தது. 1984 ஏப்ரலில் வாட்ஸே ஓய்விலிருந்து வந்து, ஸ்டாகர் லீயோடு சேர்ந்து மிட்நைட் எக்ஸ்பிரஸ் அணியை சூப்பர்டோமில் எதிர்த்தபோதும் கூட்டம் திரண்டது. சில மாதங்களில் ரிட்டர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்குப் போய்விட்டார். முறையாகச் சொல்லிக்கொள்ளாமல் போனார் என்பது வாட்ஸின் மனக்குறை. நாடு முழுவதும் தெரியும் முகம், கூடுதல் பணம். அந்த வாய்ப்பை எடுத்ததற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசூலில் பங்கு தவிர வேறெந்த உத்தரவாதமும் தராத தொழில் அது.

அவர் போன பிறகு நடந்ததே நம் கேள்விக்குக் கிடைத்த உண்மையான பரிசோதனை. வாட்ஸ் மாஸ்டர் ஜீ, ஸ்னோமேன் என்று ஒருவர் பின் ஒருவராக நிறுத்திப் பார்த்தார். வில்லனாக இருந்த புட்ச் ரீடை நாயகனாக்கினார். 1985இல் ஸ்னோமேனுக்குத் துணையாக முகமது அலியையே சூப்பர்டோமுக்கு அழைத்து வந்தார். புட்ச் ரீட் ரிட்டரைவிட நல்ல மல்லர்; அதில் ஐயமில்லை. ஆனாலும் நியூ ஆர்லியன்ஸ் பழைய மாதிரி திரும்பவில்லை. புக்கரின் சூத்திரம் மட்டுமே போதும் என்றால் இது நடந்திருக்காது. மறுபக்கம், ரிட்டரின் ஈர்ப்பு மட்டுமே போதும் என்றால், நாடு முழுக்கக் காட்டும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அவரை இன்னும் மேலே கொண்டுபோயிருக்க வேண்டும். 1985 நவம்பரில் ஒரு நாள் போட்டித் தொடரை வென்றார். அதற்கு மேல் போகவில்லை. அங்கே ஹல்க் ஹோகன் இருந்தார், நாயகன் இடம் நிரம்பியிருந்தது. மேலும் அந்தப் பெரிய நிறுவனம் ஓர் ஊருக்கு எப்போதாவது வந்து போகும். வாராவாரம் ஒரே ஊர் மக்களின் முன் நின்று, அவர்களுடைய கோபத்தையும் பெருமையையும் சுமந்து, தோற்று, மறைந்து, முகமூடியோடு திரும்பிவருவதற்கு அங்கே வழியில்லை. வீரரும் வட்டாரமும் ஒருவரையொருவர் உருவாக்கினார்கள். பிரிந்ததும் இருவருமே சுருங்கினார்கள்.

வட்டாரங்களின் முடிவை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கேபிள் தொலைக்காட்சி எல்லைக்கோடுகளைத் தாண்டியது, மக்மேன் எல்லா ஊர்களுக்கும் போனார். மிட்-சௌத் 1986இல் யு.டபிள்யூ.எஃப். என்று பெயர் மாற்றி நாடு தழுவ முயன்றது. எண்ணெய் விலைச் சரிவு ஓக்லஹோமா, லூசியானா பொருளாதாரத்தை அடித்துப்போட்ட நேரம் அது. 1987இல் நிறுவனத்தை ஜிம் கிராக்கெட்டிடம் விற்றுவிட்டார் வாட்ஸ்.

வாட்ஸைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 1992 ஆகஸ்ட் 2ஆம் தேதி, சூப்பர்டோம் இரவுக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தில் ரான் சிமன்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். முக்கிய நிறுவனம் ஒன்றில் அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று அவர் கொண்டாடப்படுகிறார். அப்போது அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவர் வாட்ஸ்தான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், வணிகர்களுக்கு விருப்பப்படி பாகுபாடு காட்டும் உரிமை உண்டு என்ற தொனியில் அவர் முன்பு அளித்த பேட்டி வெளிச்சத்துக்கு வந்து, அவர் விலக நேர்ந்தது. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. அவரை முற்போக்காளர் என்று புகழ்வோரும், வெறும் சுரண்டல்காரர் என்று இகழ்வோரும் ஏதேனும் ஒன்றை மறைத்தால்தான் தங்கள் வாதத்தை நிறுவ முடியும்.

ரிட்டர் 1998 ஜூன் தொடக்கத்தில் இறந்தார். மகளின் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்புக்காக வட கரோலினா போய்விட்டுத் தனியாகக் காரோட்டித் திரும்பும்போது மிசிசிப்பியில் விபத்து. வயது 45. 2004இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. (முந்தைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) தன் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தபோது, அவரை அறிமுகம் செய்து பேசியவர் எர்னி லாட்.

மிட்-சௌத் ஒளிநாடாக்களின் உரிமையும் 2012 முதல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யிடமே இருக்கிறது. ஜங்க்யார்ட் டாக்கை அறிய விரும்புகிறவர்கள் ரெஸில்மேனியாவிலிருந்து தொடங்க வேண்டாம். 1982இல் டிபியாசி கையுறை மாட்டிய அந்த ஷ்ரீவ்போர்ட் பதிவை முதலில் பாருங்கள். வீரரை மட்டும் பார்க்காமல், அவருக்குப் பின்னால் இருக்கும் கூட்டத்தின் முகங்களையும் பாருங்கள்.